போனில் ஆடு புலி ஆட்டம்: ஊரடங்கில் பிள்ளைகளோடு செய்து பார்த்தவை

2020 மார்ச் கடைசி

காரைக்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். மூன்று கட்டு வீடு (முன்னும் பின்னுமாக மூன்று பகுதி), பங்காளிகளுக்குப் பொது. இப்போது இருப்பது நாங்கள் மட்டும்தான்: ஐயா (பிள்ளைகளின் தாத்தா), அப்பத்தா, நான், என் மகன், மகள், பள்ளிக்கூடம் மூடியதும் இங்கே வந்து மாட்டிக்கொண்ட நாத்தனார் மகன். பிள்ளைகளின் அப்பச்சி (அப்பாவை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சென்னையில். 25ஆம் தேதி கொரோனா ஊரடங்கு வந்ததும் அவர் அங்கேயே நின்றுவிட்டார். கொழுந்தனார் குடும்பம் சிங்கப்பூரில்.

முதல் சில நாள் எல்லோருக்கும் திருவிழாதான். வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) ஓட்டம், இரண்டாம் கட்டில் ஒளிஞ்சு பிடிச்சு, தினமும் வீடியோ கால். ஆனால் அந்த கால் எப்படிப் போகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "என்ன பண்றே?" "சும்மா இருக்கேன்." அதற்கு மேல் பேச்சு ஓடாது. பிள்ளைகள் போனை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடுவார்கள். பாசம் குறைந்ததால் அல்ல. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கிடக்கும்போது சொல்ல ஒரு சேதியும் இருக்காது. பேசுவதற்கு நடுவில் ஒரு காரியம் வேண்டும் என்று எனக்குப் பட்டது. அதிலிருந்து தொடங்கியதுதான் இதெல்லாம்.

ஏப்ரல்: பலகை போட்டது

ஐயாவிடம் ஆடு புலி ஆட்டம் கேட்டேன். அவர் மூன்றாம் கட்டு சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரே மூச்சில் கோடு போட்டுவிட்டார். (முகப்பிலும் வளவிலும் ஆத்தங்குடிக் கல். பூவும் கொடியுமாக இருக்கும் தரையில் கோடு கண்ணுக்குப் பிடிபடாது.) கோயில் மண்டபத் தரைகளில் கல்லில் வெட்டியிருக்குமே, அதே படம்தான். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து கீழே விரியும் நான்கு கோடு. அவற்றைக் குறுக்கே வெட்டும் மூன்று கோடு, அவற்றின் இரு ஓரத்தையும் இணைக்க இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அடியில் நான்கு கோட்டின் நுனியையும் சேர்க்கும் ஒரு கோடு. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 23 புள்ளி. புலி 3, ஆடு 15.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: எங்கள் வீட்டு வழக்கப்படி புலி ஒன்று உச்சியில், மற்ற இரண்டு அதற்கு நேர் கீழே முதல் வரிசையின் நடுப் புள்ளிகளில். ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக இறக்குவார். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலி தன் முறைக்கு ஒரு புள்ளி நகரலாம், அல்லது பக்கத்தில் இருக்கும் ஆட்டைத் தாண்டி அதே கோட்டில் அடுத்த காலிப் புள்ளியில் குதித்து வெட்டலாம். புலிகள் அசைய முடியாதபடி கட்டிவிட்டால் ஆட்டுக்கு வெற்றி.

போனில் ஆட இதற்கு நம்பர் வேண்டும். உச்சி 1. முதல் வரிசை இடமிருந்து வலமாக 2 முதல் 7. அடுத்தது 8 முதல் 13. மூன்றாவது 14 முதல் 19. அடிவரிசை 20 முதல் 23. அதே படத்தைச் சட்டை டப்பா அட்டையில் வரைந்து, நம்பர் எழுதி, போட்டோ எடுத்து சிங்கப்பூருக்கு அனுப்பினோம். அங்கேயும் ஏப்ரல் 7இலிருந்து எல்லோரும் வீட்டுக்குள்தான், அதனால் உடனே வரைந்துவிட்டார்கள். இங்கே புளியங்கொட்டை ஆடு, சோழி புலி. அங்கே பொத்தான் ஆடு, பாட்டில் மூடி புலி. புலி தொடக்கத்தில் 1, 4, 5இல் நிற்கும். "ஆடு 14" என்று வாட்ஸப்பில் வந்தால் இங்கே 14இல் கொட்டையை வைக்க வேண்டும். "புலி 4, வெட்டு 10, வந்தது 16" என்று போனால் அங்கே பொத்தானை எடுக்க வேண்டும். சண்டை வராமல் இருக்க, இரண்டு பக்கமும் மாலையில் ஒரு போட்டோ.

ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம் முடித்துவிடலாம் என்று மகன் சொன்னான். வேண்டாம் என்றேன், நல்லதாகப் போயிற்று. ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல் என்றால் ஆடு இறக்கவே 15 நாள், பிள்ளைகளுக்குப் பொறுக்காது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்ததும் சரியாக அமைந்தது. அந்த இடைவெளியில்தான் விஷயமே. குளிக்கும்போது, சாப்பிடும்போது, வளவுத் தூணைச் சுற்றும்போது அடுத்து என்ன என்று பேச்சு நடக்கிறது. எங்களுக்கு மாலை 6 என்றால் அங்கே இரவு 8.30. அந்த நேரத்துக்கு இரண்டு பக்கமும் காத்திருக்கிறார்கள். கால் வந்ததும் "சாப்பிட்டாச்சா" இல்லை. "ஏன் 9இல வச்சே? பயந்துட்டியா?" என்றுதான் ஆரம்பம். ஆட்டத்தைப் பேசிப் பேசியே, அங்கே ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது, சித்தி என்ன சமைத்தார், யாருக்குப் பல் விழுந்தது என்று மற்றதெல்லாம் தானாக வருகிறது.

ஏப்ரல் நடு: ஐயா விட்டுக்கொடுப்பதில்லை

ஐயாவுக்கு 82 வயது. பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து புலி ஆடுகிறார். பேரன் பேத்தி என்று பார்க்கவே மாட்டார். முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது, கடைக்குட்டி ஏழு வயதுதானே என்று. ஆனால் பிள்ளைகள் அவரை விட்டு எழுந்திருக்கவில்லை. பெரியவர்கள் பிள்ளைகளுக்காக ஆடுவதாகப் பாவனை செய்தால் அது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ஐயா நிஜமாகவே ஜெயிக்கப் பார்க்கிறார், அவர்களும் நிஜமாகவே அவரைக் கட்டிப்போடப் பார்க்கிறார்கள். யூடியூப் பார்த்து நான் சேர்த்துவைத்த கைவேலைகள் ஒன்றும் அரை மணிக்கு மேல் தாங்கவில்லை. இது தாங்குகிறது.

மகள் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கோட்டின் நடுவில் நிற்கும் ஆட்டைத்தான் புலி தாண்ட முடியும், நுனியில் நிற்பதைத் தாண்டினால் குதிக்க இடம் இல்லை. "மூலையில வச்சா ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று வந்து நின்றாள். உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தோம். 2, 7, 14, 19, 20, 23 ஆகிய ஆறும் எந்தக் கோட்டில் பார்த்தாலும் நுனிதான். முதல் ஆறு ஆட்டை அங்கே இறக்கினால் பயமில்லை. சிங்கப்பூருக்கு இந்த ரகசியத்தைச் சொல்லக் கூடாது என்று மூன்று பிள்ளைகளும் சத்தியம் செய்துகொண்டார்கள். அவர்கள் அடுத்த ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அதற்கு மேலும் ஒரு கணக்கு இருக்கிறது. 18 காயும் பலகையில் இருந்தால் காலி 5தான். அந்த ஐந்தும் எங்கே விழுகிறது என்பதுதான் ஆட்டம். மூலை ஆறையும் பிடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால் நடுவில் புலி சுகமாக உலாவும். இதை ஐயா வாயால் சொல்லவில்லை, வெட்டி வெட்டிக் காட்டினார்.

அப்பச்சியோடு தனி ஆட்டம் இரவில். அதற்கு வாட்ஸப் முறை இல்லை, நேராக கால் போட்டு மளமளவென்று. அவர் அங்கே ஒற்றை அறையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். மாவட்டம் விட்டு மாவட்டம் வர அப்போது அரசின் அனுமதியான இ-பாஸ் வேண்டியிருந்தது, வேண்டிக் கொடுத்தது தள்ளுபடியாகி வந்துவிட்டது. மகன் அவருக்கு மட்டும் புலியைக் கொடுக்கிறான். மற்ற யாருக்கும் அந்தச் சலுகை கிடையாது.

ஒரு மாலை ஆட்டத்துக்கு நடுவில் ஐயா போனை வாங்கி, சிங்கப்பூர்ப் பேரனிடம் அவர்கள் வீடு டேங்க் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். அங்கே தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) 1859இல் கட்டியது. தைப்பூசத்துக்குப் போயிருக்கிறோம் என்றான் அவன். மார்க்கெட் ஸ்ட்ரீட் தெரியுமா என்றார். தெரியாது. அங்கே கிட்டங்கியில்தான் ஐயாவின் அப்பச்சி இருந்தாராம். நீளமான கூடம், வரிசையாக ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, அதன் முன்னால் ஒரு பாய், அதுதான் கடை, அதுதான் வீடு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்ட். "எங்க அப்பச்சி கொண்டுவிக்கப் (கடல் கடந்து தொழில் செய்யப்) போனா மூணு வருஷக் கணக்கு. கணக்கு முடிச்சுத்தான் ஊருக்கு வருவாக. நடுவுல காயிதம் மட்டும்தான்."

மகன் ஆட்டத்தை விட்டுவிட்டான். "மூணு வருஷம் பாக்கவே இல்லையா ஐயா? போட்டோகூடவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அங்கே சிங்கப்பூர்ப் பேரனும் கேட்டான், கப்பலில் எத்தனை நாள், பெட்டிக்குள் என்ன இருக்கும், ராத்திரி எங்கே படுப்பார்கள் என்று. ஐயா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து கேள்விகளைச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் காலையிலேயே அனுப்புகிறார்கள், இங்கே மகன் கேட்டு வாய்ஸ் ரெக்கார்ட் செய்கிறான். கேள்வி பிள்ளைகளுடையதாக இருந்தால் ஐயா விரிவாகச் சொல்கிறார். நான் கேட்டால் "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்கிறார்.

மே: கத்திரி வெயில், பல்லாங்குழி, கொட்டான்

கத்திரி தொடங்கியதும் பகலில் முற்றத்துப் பக்கம் போக முடியவில்லை. அப்பத்தா பல்லாங்குழியை எடுத்தார். 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 முத்து. குழியில் நான்கு சேர்ந்தால் பசு, அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் பலகை கிடையாது. முட்டை அட்டையில் ஆறு குழி வீதம் இரண்டு வரிசை வெட்டி, ஓரத்தில் வரிசைக்கு ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டார்கள். ஆனால் போனில் இது சரிப்படவில்லை. முத்து போடும் கை வேகத்துக்குக் கேமரா ஈடுகொடுக்காது, யார் எத்தனை போட்டார் என்று தகராறு வந்துவிடுகிறது. வீட்டுக்குள் ஆட இதைவிட நல்லது இல்லை, தூரத்துக்கு ஆடு புலிதான். ஒன்று கவனிக்க வேண்டும்: பழைய டப்பாவில் குன்றிமணி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அழகாக இருக்கும், ஆனால் விஷம், சிறு பிள்ளைகள் கடித்து விழுங்கினால் ஆபத்து. புளியங்கொட்டையும் சோழியும் போதும், அவற்றையும் வாயில் போடும் வயதுப் பிள்ளை பக்கத்தில் இருக்கக் கூடாது.

சீப்புச் சீடைக்கு ஒரு மதியம். மாவை அச்சில் பிழிந்து, விரல் நீளத்துக்கு வெட்டி, விரலில் சுற்றி நுனியை ஒட்ட வேண்டும். சுற்றுவது பிள்ளைகள், எண்ணெய்ச் சட்டி பக்கம் நான். சரியாக ஒட்டாதது எண்ணெயில் விரிந்துவிடும், அதைச் செய்தவரே சாப்பிட வேண்டும் என்று அப்பத்தா சட்டம். யாரும் வருத்தப்படவில்லை.

பனையோலைக் கூடையான கொட்டான்தான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு, சீர் வரிசையில் இன்றும் வைக்கிறோம், ஆனால் எங்கள் வீட்டில் பின்னத் தெரிந்தவர் அப்பத்தா ஒருவர்தான். ஊரில் தெரிந்தவர் பனங்குருத்து கொண்டுவந்து கொடுத்தார். வெயிலில் காயவைத்து, ஈர்க்கு எடுத்து, ஓலையை ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். இதில்தான் பாதி வேலை. ஒரு நறுக்கு அகலமாகவும் ஒன்று ஒடுக்கமாகவும் இருந்தால் அடி சதுரமாக வராது, சதுரம் கோணினால் மேலே வாய் கோணும். அப்பத்தா அளவுகோல் வைக்கவில்லை, நகத்தால் கீறி இழுக்கிறார், எல்லாம் ஒரே அகலம். பின்னும் முன் ஓலையைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கும் இடத்தில் முறியும்.

அடியைப் பின்னி முடித்ததும் நான்கு மூலையிலும் ஓலையை மடக்கிச் சுவர் எழுப்ப வேண்டும். அந்த இடத்தில் மூன்று பிள்ளைகளும் திணறினார்கள். அப்பத்தா மகள் கையைப் பிடித்து, மூலையில் எதிரெதிராக வரும் இரண்டு நறுக்கை ஒன்றன்மேல் ஒன்று போட்டு, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே அடுத்ததைக் கோக்கச் சொன்னார். அழுத்தம் விட்டால் எல்லாம் மலர்ந்து போகிறது. நாத்தனார் மகன் துணி காயப்போடும் கிளிப்பை மூலைக்கு ஒன்று மாட்டிவிட்டுப் பின்னினான். அப்பத்தா இதைப் பார்த்து, "இது எங்களுக்குத் தோணலையே" என்று அவன் முதுகில் தட்டினார். சிங்கப்பூரில் கொழுந்தனார் மகள் பழைய பத்திரிகைத் தாளைப் பட்டையாக மடித்து இதையே பின்னுகிறாள், கேமராவை அப்பத்தா கைக்கு நேராக வைக்கச் சொல்லி. தாள் ஓலையைவிட எளிது, முறியாது, ஆரம்பிக்கிறவர்கள் அதிலேயே பழகலாம்.

இப்போதைய நிலவரம்: மகளின் கொட்டான் வாய் கட்டும் கட்டத்தில் இருக்கிறது, மகனுடையது பாதிச் சுவர். சாயத் தூள் கிடைத்ததும் அடுத்த ஓலையைச் சிவப்பும் பச்சையுமாக நனைத்துப் பார்க்க வேண்டும். ஆடு புலியில் சிங்கப்பூர் இரண்டு ஆடு இழந்திருக்கிறது, எங்கள் புலி ஒன்று 21இல் 20, 22 இரண்டு பக்கமும் அடைபட்டு நிற்கிறது, மேலே 16 மட்டும்தான் திறப்பு. இ-பாஸுக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறோம். அப்பச்சி வந்தால் நேரில் ஆட முதல் முறை தனக்குத்தான் என்று மகன் சாக்பீஸால் தரையில் எழுதியே வைத்துவிட்டான்.