நிசிரோஸ் குகை மாதாவுக்கு அம்மாவின் நேர்த்திக்கடன்

தங்கச்சியின் மகளுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்த அன்று அம்மா நேர்த்தி வைத்தார். பிள்ளைக்குப் பார்வை திரும்பினால் ஆவணித் திருவிழாவில் மாதாவின் காலடியில் வெள்ளிக் கண் வைப்பதாக. நினைத்தது மடுமாதாவைத்தான். ஆனால் ஜேர்மனியிலிருந்து இலங்கை வரை விமானத்தில் போக அம்மாவின் உடம்பு இனி இடம் கொடுக்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். என்னோடு வேலை செய்யும் கிரேக்கப் பெண்தான் தன் நாட்டு நிசிரோஸ் தீவைப் பற்றிச் சொன்னாள். மடுவில் திருவிழா நடக்கிற அதே ஆகஸ்ட் 15இல் அங்கே பனாகியா ஸ்பிலியானி என்கிற குகை மாதாவுக்குப் பெருவிழா. "மாதா ஒராள்தானே பிள்ளை, போவம்" என்றார் அம்மா.

பக்கத்துக் கொஸ் தீவில் இறங்கி, கர்தமேனா துறையிலிருந்து படகு. திருவிழாக் கூட்டத்தைக் கண்டதும் சீட்டு விற்றவர் விலையைக் கூட்டிவிட்டார். அறை எடுத்துத் தருகிறேன் என்று பின்னாலேயே வந்த தரகரை விரட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. எரிமலை பார்க்க வரும் பகல்நேரக் கூட்டம் இன்னொரு பக்கம். அரைகுறை உடையோடு கோவிலுக்குள் வந்து, செபிக்கிறவர்களின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுகிறார்கள். மனம் நொந்துபோனது.

மந்திராகி ஊருக்கு மேலே, புனித யோவான் சபைப் படைவீரரின் பழைய கோட்டைக்குள், கடலைப் பார்த்த செங்குத்துப் பாறையில் மாதாவின் மடம் நிற்கிறது. 1400 அளவில் உருவானது. படிகளைக் கீழிருந்து பார்த்ததுமே அம்மாவின் முழங்காலை நினைத்து எனக்குப் பயம் வந்துவிட்டது. கல்லெல்லாம் ஆவணி வெயிலில் கொதித்தது. ஒரு படிக்கு ஒரு அருள்நிறை மந்திரம் என்று அம்மா ஏறத் தொடங்கினார். பாதியில் மூச்சு வாங்கியது. திருவிழாவுக்காக நியூயோர்க்கிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஒரு பையன், யார் எவர் என்று கேட்காமல், அம்மாவின் மறுகையைப் பிடித்து மேலே வரை கொண்டுவந்து விட்டான். மாதா அனுப்பிய பிள்ளை.

உள்ளே கோவில் முழுக்கக் குகைதான். மாதாவின் திருப்படத்தைக் கீழே ஊரிலிருந்த கோவிலில் வைத்தபோதெல்லாம் அது மறைந்து இந்தக் குகைக்கே திரும்பி வந்ததாம். ஊரார் இதைச் சொல்லும்போது குரலே மாறுகிறது. ஆகஸ்ட் 6 தொடக்கம் ஒன்பது நாள் கறுப்புடை உடுத்த பெண்கள் மடத்திலேயே தங்கி, ஒறுத்தல் நோன்பு இருந்து, கோவிலைத் துப்புரவாக்கி, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை தரையில் விழுந்து கும்பிடுகிறார்கள். நிலத்தில் நெற்றி பட எழும்பி எழும்பி விழுகிற அந்த வயதான தாய்மாரைப் பார்த்தபோது என் செபமெல்லாம் எவ்வளவு சொற்பம் என்று தோன்றியது.

14ஆம் திகதி மாலை எங்கள் முறை வந்தது. வெள்ளிக் கவசத்துக்குள் மாதாவின் முகம். சுற்றிவர வெள்ளியில் கண், கை, கால், குழந்தை என்று காணிக்கைகள். வேளாங்கண்ணியில் பார்த்த அதே காணிக்கைகள்! அம்மா அசையாமல் நின்றுவிட்டார். பின்னால் நெருக்கினார்கள். கறுப்புடைத் தாய் ஒருத்தி கையை நீட்டி வரிசையை மறித்தார். அம்மா வெள்ளிக் கண்ணை எடுத்துக் காட்டி, கைபேசியில் பேத்தியின் படத்தையும் காட்டினார். அந்தத் தாய் படத்திலிருந்த பிள்ளையின் கண்ணை விரலால் தொட்டு, சிலுவை அடையாளம் போட்டு, அப்படியே தரையில் விழுந்து வணங்கினார். அம்மாவும் முழந்தாளிட்டார். கோவிலில் வருடக்கணக்காகக் கதிரையில் இருந்தே செபிக்கிறவர் என் அம்மா. அந்தத் தாய் வெள்ளிக் கண்ணை வாங்கி மற்றக் காணிக்கைகளோடு தொங்கவிட்டதும் அம்மா தமிழிலேயே சொன்னார்: "மாதாவே, பிள்ளைக்கு வெளிச்சம் தந்தீரே." இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். எவ்வளவு நேரம் நின்றோமோ, பின்னால் ஒருவரும் நெருக்கவில்லை.

அடுத்த நாள் வழிபாட்டில் நற்கருணை வாங்க முடியாது, இது கிரேக்க ஓர்த்தடொக்ஸ் கோவில், நாங்கள் கத்தோலிக்கர். முடிவில் கொடுத்த ஆசீர்வதித்த அப்பத்தை எங்கள் கையிலும் வைத்தார்கள். பிறகு கறுப்புடைப் பெண்களோடு மாதா ஊர் ஒழுங்கைகளில் பவனி வந்தார். ஊருக்கே பந்தி, அந்நியர் என்று ஒதுக்காமல் எங்களையும் இருத்திச் சாப்பிட வைத்தார்கள். சூமாதா என்கிற வாதுமைப் பானம் அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. முன்னால் ஆடுகிற பெண் கோப்பை ஏந்தி வர, அதில் காசு போட்டு ஆடும் கூப்பா நடனத்தில் கிழவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

எரிமலையைப் பற்றி எழுதாமல் விடக்கூடாது. தீவின் நடுவே பெரும் பள்ளம், அதற்குள் ஸ்தெபானோஸ் என்கிற எரிமலை வாய். 300 மீற்றர் அளவு அகலம், மஞ்சள் கந்தகம், காலடியில் சூடு, துளைகளில் ஆவி. கடைசியாக வெடித்தது 1888இல். விளிம்பிலுள்ள நிகியா ஊரில் கூழாங்கல் பதித்த சிறு சதுக்கமும் மாதா கோவிலும் உண்டு. எம்போரியோஸில் மலைக்குகையிலிருந்து வெந்நீராவி வருகிறது. தீவின் பாலி ஊரில் உரோமர் குளித்த வெந்நீர் மண்டபத்தின் இடிபாட்டுக்குள்ளேயே தெர்மியானி மாதா கோவில். நெருப்புக்கு மேலே வாழ்கிற இந்தச் சனம் ஊருக்கு ஊர் மாதாவைப் பிடித்துக்கொண்டிருப்பதில் என்ன வியப்பு? பள்ளத்தின் விளிம்பில் நின்று அம்மாவும் செபமாலையைத்தான் எடுத்தார்.

போக நினைப்பவர்கள் பகல் படகில் வந்து பகல் படகிலேயே திரும்பிவிடாதீர்கள். இரவு தங்கி மாலை வழிபாட்டுக்குப் படியேறுங்கள். வெயில் தணிந்திருக்கும், படம் பிடிக்கிற கூட்டமும் போயிருக்கும். வெள்ளிக் கண்ணைக் கண்டால் எங்கள் பிள்ளைக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடுங்கள். மாதாவே, உமக்குக் கோடி நன்றி.