கப்பல் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு அமைப்பு): பம்பைத் திறப்பதற்கு முன்

கப்பலில் கழிவுநீர் சரியாகச் சுத்தமாகவில்லை என்றதும் எல்லோரும் பம்பைத்தான் பிரிக்கிறார்கள். அதற்கு முன், கழிப்பறை கழுவ என்ன ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். உயிரியல் முறை எஸ்.டி.பி.யில் வேலை செய்வது ஏரேஷன் டேங்கிலுள்ள (காற்று ஊதப்படும் தொட்டி) பாக்டீரியா. பிளீச்சும் அமிலமும் அதைக் கொன்றுவிடும். மறுபடி வளர்ந்து நிலைபெற இரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை கடலுக்குப் போவது அரைகுறையாகச் சுத்தமான கழிவுதான். எஸ்.டி.பி.க்கு ஏற்றது என்று குறிப்பிட்ட கிளீனரை மட்டுமே வாங்கச் சொல்லுங்கள்.

அந்த பாக்டீரியாவுக்கு ஓயாமல் காற்றும் வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் புளோயரை (காற்று ஊதும் இயந்திரம்) நிறுத்துவது பெரிய தவறு.

ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் ஏரேஷன் டேங்க் நீரைப் பிடித்து 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். பழுப்புச் சகதி அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்தால் டேங்க் நலம். கருத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. புளோயர் ஃபில்டர், பெல்ட், பிறகு டிஃப்யூசர் (தொட்டிக்குள் காற்றைக் குமிழிகளாகப் பரப்பும் பாகம்) என்று அடைப்பைத் தேடுங்கள். சகதி பாதி ஜாடியைத் தாண்டினால் கொஞ்சம் வெளியேற்ற வேண்டும். முழுவதும் காலிசெய்தால் பாக்டீரியாவை முதலிலிருந்து வளர்க்க நேரும். செட்லிங் டேங்கில் (சகதி படியும் அடுத்த தொட்டி) சகதி மிதக்கிறதா? படிந்த சகதியைக் காற்றால் ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ஏர்லிஃப்ட் குழாயைப் பாருங்கள். ஈரத் துடைப்புத் தாள் சிக்கியிருக்கலாம்.

சேமிப்புத் தொட்டியில் நிறுத்திவைத்த கழிவுக்கு மார்போல் (கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம்) 4-ஆம் இணைப்பு சொல்வது வேறு கணக்கு. அரைத்துக் கிருமிநீக்கம் செய்ததைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். அப்படிச் செய்யாததை 12 கடல் மைலுக்கு அப்பால்தான். கப்பல் 4 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும், ஒரேயடியாகவும் திறந்துவிடக் கூடாது. சுத்திகரிக்காத கழிவில் மணிக்கு எத்தனை கன மீட்டர் விடலாம் என்பதற்குச் சூத்திரம் உண்டு: 0.00926 × வேகம் × டிராஃப்ட் × அகலம். வேகம் நாட் கணக்கில், டிராஃப்ட் (கப்பல் நீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம்), அகலம் இரண்டும் மீட்டரில். டிராஃப்ட் 8, அகலம் 25 என்றால் 12 நாட் வேகத்தில் 22.2 கன மீட்டர் வரை விடலாம். 4 நாட் வேகத்தில் 7.4தான். மணிக்கு 10 கன மீட்டர் தள்ளும் பம்ப் அந்த வேகத்தில் விதியை மீறிவிடும். வேகம் குறையும்போது பிரிட்ஜிலிருந்து (கப்பலைச் செலுத்தும் மேல்தள அறை) எஞ்சின் ரூமுக்குச் சொல்லியாக வேண்டும்.

எந்த டேங்க் மூடியைத் திறந்தாலும் மூக்கை நம்பாதீர்கள். அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மீறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். காற்றோட்டம் கொடுத்து, கேஸ் மீட்டரில் பார்த்த பிறகே குனியுங்கள்.