ஆவணப்படம் சேலம் வந்து சேரும் வழி

ஜனவரியில் சன்டான்ஸ், பிப்ரவரியில் பெர்லின், மார்ச்சில் கோபன்ஹேகனின் சிபிஎச் டாக்ஸ், ஏப்ரல் கடைசியில் டொரன்டோவின் ஹாட் டாக்ஸ், மே மாதம் கான், ஜூனில் ஷெஃபீல்டு, செப்டம்பரில் மறுபடி டொரன்டோ, நவம்பரில் ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா என்று ஆண்டு முழுக்கத் திரைவிழாக்கள். பின்னாளில் எல்லோரும் பேசப்போகும் ஆவணப்படங்கள் பலவும் இவற்றுள் ஏதோ ஒன்றில்தான் முதலில் திரையேறுகின்றன. அந்த வாரமே விமர்சனங்கள் வந்துவிடும். சேலத்தில் உட்கார்ந்து அவற்றைப் படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தப் படம் நமக்கு எப்போது, எதில் கிடைக்கும்?

விமர்சனங்களைத் தொடர்ந்து போனால் இதற்கு விடை கிடைக்காது. படத்தின் உரிமை யார் கையில் இருக்கிறது, எந்தக் கைக்கு மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால் கிடைக்கும்.

விழாக் கையேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ள பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். கதைச்சுருக்கத்துக்கும் இயக்குநர் குறிப்புக்கும் கீழே, சின்ன எழுத்தில், ‘உலக விற்பனை’ என்று ஒரு பெயர் இருக்கும். லண்டனின் டாக்வூஃப், வியன்னாவின் ஆட்லுக், டெல் அவிவின் சினிஃபில், லைப்சிக்கின் டெக்கர்ட், பாரிஸின் கேட் அண்ட் டாக்ஸ், நியூயார்க்கின் சப்மரீன் போன்ற சில பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இவர்கள் உரிமையை நாடு நாடாகவும் ஊடகம் ஊடகமாகவும் பிரித்து விற்பவர்கள். தியேட்டர், டிவி, ஓடிடி, விமானம், கல்லூரி என்று ஒவ்வொன்றும் தனி வியாபாரம். இந்தியாவுக்கான உரிமையை யாரும் வாங்காவிட்டால், அமெரிக்காவில் ஓடிடிக்கு வந்த பிறகும் நம் ஊரில் அந்தப் படம் திறக்காது. விற்பனையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நேரடியாக ஓர் ஓடிடி நிறுவனத்தின் பெயரே இருந்தால் காத்திருப்பு குறைவு.

முதுமலை தெப்பக்காட்டில் எடுத்த ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ அப்படித்தான் வந்தது. 2022 நவம்பரில் நியூயார்க்கின் டாக் என்ஒய்சி விழாவில் திரையிட்டார்கள். டிசம்பர் 8 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. ஒரே மாதம். ‘ரைட்டிங் வித் ஃபயர்’ 2021 ஜனவரியில் சன்டான்ஸில் இரண்டு விருது வாங்கியது. அமெரிக்கத் தியேட்டருக்கு வர நவம்பர் ஆயிற்று, அங்கே பொதுத் தொலைக்காட்சிக்கு வர 2022 மார்ச் ஆயிற்று. ‘ஆல் தட் பிரீத்ஸ்’ 2022 ஜனவரியில் சன்டான்ஸிலும் மே மாதம் கானிலும் பரிசு வாங்கி, அமெரிக்கச் சேனலான எச்பிஓவில் ஒளிபரப்பானது 2023 பிப்ரவரியில். ‘டு கில் எ டைகர்’ 2022 செப்டம்பரில் டொரன்டோவில் முதலில் ஓடியது. ஆஸ்கர் பரிந்துரை கிடைத்த பிறகே, 2024 மார்ச்சில், நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. ஆகவே சொந்த ஓடிடி இல்லாத படம் என்றால் ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். விருது வாங்கினால் சீக்கிரம் வந்துவிடும் என்றும் நம்ப முடியாது. ‘நோ அதர் லேண்ட்’ 2024 பிப்ரவரியில் பெர்லினில் விருது பெற்றது. 2025 மார்ச்சில் ஆஸ்கரும் வென்றது. அதுவரைக்கும் அமெரிக்காவில் அதற்கு வழக்கமான விநியோகஸ்தர் கிடைக்கவில்லை. படக்குழுவே முன்னின்று தியேட்டர்களில் வெளியிட வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியில் என்னதான் நடக்கிறது? பெரும்பாலும் பழைய காட்சித் துணுக்குகளுக்கும் பாட்டுகளுக்கும் அனுமதி வாங்கும் வேலை. ஒரு செய்தி நிறுவனத்தின் பழைய காட்சியில் 40 வினாடி எடுத்துப் படத்தில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திரைவிழாவுக்கு மட்டும் என்று குறைந்த தொகையில் அனுமதி வாங்கலாம், கையில் காசில்லாத இயக்குநர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். அந்த அனுமதிக்குக் காலக்கெடுவும் உண்டு. உலகம் முழுக்க, எல்லா ஊடகத்துக்கும், நிரந்தரமாக என்று கேட்டால் விலை பல மடங்கு ஏறும். பாட்டு என்றால் அனுமதி இரட்டை: இசையமைப்புக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. பின்னணியில் ஒரு டீக்கடை ரேடியோவில் ஓடும் சினிமாப் பாட்டுக்கும் இதே சட்டம்தான். ஒளிபரப்பு நிறுவனங்கள் இந்த அனுமதிகள் அத்தனையையும் கடிதமாகக் கேட்கும். வழக்கு வந்தால் ஈடு செய்ய ஒரு காப்பீட்டுப் பத்திரமும் கேட்கும். ஒரு கடிதம் குறைந்தாலும் படம் நிற்கும். அல்லது அந்தக் காட்சியை வெட்டிவிட்டு வேறு வடிவத்தில் வரும்.

அதனால்தான், பார்க்க நினைக்கும் படங்களுக்கு ஒரு பட்டியல் வைத்து, அதில் படத்தின் நீளத்தையும் எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ஐரோப்பியத் தொலைக்காட்சிகளுக்கென்று 52 நிமிட வடிவம் ஒன்றைத் தனியாகச் செய்வது வழக்கம். விழாவில் 90 நிமிடம் ஓடிய படம் டிவியில் 52 நிமிடமாக வந்தால் நீங்கள் பார்ப்பது வேறு படம். மூலமொழித் தலைப்பு, ஆங்கிலத் தலைப்பு, இயக்குநர், விழா, நீளம், விற்பனையாளர், கடைசியாகக் கிடைத்த தகவலும் அதன் தேதியும்: இவ்வளவு போதும். தலைப்பு மாறும், இயக்குநர் பெயர் மாறாது; தேடும்போது இயக்குநர் பெயரில் தேடுங்கள்.

அக்டோபர், நவம்பரில் ‘அமெரிக்காவில் வெளியானது’ என்று வரும் செய்திகளில் ஒரு சிக்கல் உண்டு. ஆஸ்கருக்குத் தகுதி பெற, குறிப்பிட்ட நகரங்களில் 7 நாள் தியேட்டரில் ஓட்டுவது ஒரு வழி. அந்த ஒரு வார ஓட்டத்தைப் பொது வெளியீடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டிசம்பரில் ஆவணப்படப் பிரிவில் 15 படங்களின் குறும்பட்டியல் வரும், ஜனவரியில் அது 5 ஆகும். உரிமை வியாபாரம் சூடுபிடிப்பது இந்த இரண்டு தேதிகளை ஒட்டித்தான். பட்டியலைப் புதுப்பிக்க நல்ல நேரமும் இதுவே.

இந்தியப் படம் என்றால் இன்னொரு கதவு, சென்சார். தியேட்டரில் டிக்கெட் போட்டு ஓட்ட ஆவணப்படத்துக்கும் சான்றிதழ் வேண்டும். திரைவிழாக்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்கித் திரையிடுகின்றன; அது மறுக்கப்படுவதும் உண்டு. ஆனந்த் பட்வர்தனின் ‘விவேக்’ 2018-இல் டொரன்டோவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் ஓடிய படம். 2019-இல் கேரள விழாவில் காட்ட விலக்கு கிடைக்காமல், கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்த பிறகே திரையிட்டார்கள். ‘ஆன் இன்சிக்னிஃபிகன்ட் மேன்’ 2016-இல் டொரன்டோவில் ஓடியது. இங்கே தியேட்டருக்கு வந்தது 2017 நவம்பர். அப்போது சென்சார் முடிவை எதிர்த்துப் போக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. 2021-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இனி நேராக உயர் நீதிமன்றம்தான். சுயாதீனப் படக்காரர்களுக்கு இது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். ஓடிடிக்குச் சென்சார் சான்றிதழ் தேவையில்லை என்பதால் பலர் தியேட்டரை விட்டுவிட்டு அங்கே போகிறார்கள்.

காத்திருக்க மனமில்லை என்றால் விழாவுக்கே போகலாம். சேலத்திலிருந்து வசதியானது திருவனந்தபுரம். கேரள சலச்சித்ர அகாடமி நடத்தும் சர்வதேச ஆவண, குறும்பட விழா, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்களில் நடக்கும். சென்னையிலிருந்து போகும் திருவனந்தபுரம் மெயில் நள்ளிரவை ஒட்டிச் சேலம் ஜங்ஷனுக்கு வருகிறது. தட்கலை நம்பாமல், விழாத் தேதி வந்த அன்றே டிக்கெட் போடுங்கள். மும்பை சர்வதேசத் திரைவிழா ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் ஆகியவற்றுக்கே உரியது. 2024-இல் சென்னையிலும் திரையிட்டார்கள். தமிழ் ஆவணப்படங்களுக்கு, ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதனின் மறுபக்கம் அமைப்பு நடத்தும் திரையிடல்கள்தான் முதல் முகவரி.

இன்னொரு வழி, படத்தையே ஊருக்கு அழைத்துவருவது. விற்பனையாளருக்கோ இயக்குநருக்கோ எழுதி, எத்தனை பேர், இலவசமா கட்டணமா, எந்த இடம், எந்தத் தேதி என்று நான்கையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். கட்டணம் பேசித் தீர்மானிப்பதுதான். கல்லூரி அரங்கு என்றால் பல இயக்குநர்கள் இறங்கி வருவார்கள். தியேட்டரில் ஓட்ட, தியேட்டர் கருவிகளுக்கென்றே செய்யப்படும் டிசிபி கோப்பு வேண்டும். பூட்டிய டிசிபி என்றால் கேடிஎம் எனும் சாவிக் கோப்பு தனியாக வரும். அந்தச் சாவி ஒரே ஒரு சர்வருக்கு, குறித்த நேரத்துக்குள் மட்டும் திறக்கும். தியேட்டர்காரர் சர்வரை மாற்றியிருந்தாலோ, நேர மண்டலத்தைத் தவறாகக் குறித்திருந்தாலோ திரை கறுப்பாகவே இருக்கும். முந்தின நாளே ஏற்றி, சாவி நேரம் தொடங்கியதும் 5 நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

ஏற்காட்டில் ஒரு பள்ளி அரங்கிலோ எஸ்டேட் கட்டடத்திலோ காட்டுவதாக இருந்தால் சாதாரண எம்பி4 கோப்பே போதும். அதைச் சேலத்திலேயே இறக்கி, இரண்டு பென் டிரைவில் ஏற்றி, முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டு மலையேறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டிய பிறகு பெரிய கோப்பை இறக்க சிக்னலை நம்ப வேண்டாம். பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அதிகம் கெடுவது சப்டைட்டில்தான். தமிழ் சப்டைட்டிலை, வசனமும் அதன் நேரமும் மட்டும் உள்ள தனி எஸ்ஆர்டி கோப்பாக வைத்தால் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்துக்குப் பதில் புரியாத குறிகள் வரும். வினாடிக்கு 23.976 பிரேம் ஓடும் வடிவத்துக்குச் செய்த சப்டைட்டிலை 25 பிரேம் ஐரோப்பிய வடிவத்தோடு சேர்த்தால், முதல் 5 நிமிடத்தில் 10 வினாடிக்கு மேல் தள்ளிப்போகும், ஒன்றரை மணி நேரப் படத்தின் முடிவில் 4 நிமிடம் வரை விலகும். ஆரம்பத்தை மட்டும் நகர்த்திச் சரிசெய்தால் மறுபடி விலகும். சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் பிரேம் வேகத்தையே மாற்ற வேண்டும். மாற்றியபின் படத்தின் தொடக்கம், நடு, கடைசிப் பத்து நிமிடம் மூன்றிலும் ஒரு வசனத்தை எடுத்து உதட்டசைவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அரங்கில் ஓட்டும் அதே லேப்டாப்பில் அதே பிளேயரைக் கொண்டு இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.