மணி பிளாண்ட்டுக்கு ஒரு கொழுகொம்பு

சேலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலுள்ள தட்டில் வைத்த மணி பிளாண்ட், 4 ஆண்டுகளில் 12 அடி நீளத்துக்குத் தொங்கிவிட்டது. வருகிறவர்கள் அதன் நீளத்தைப் பார்த்து வியந்தார்கள். தொட்டியருகே உள்ளங்கை அகலத்தில் இருந்த இலைகள் நுனியை நெருங்க நெருங்க வெற்றிலைக் கொழுந்தளவு சிறுத்திருந்ததும், இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு சாண் வெறுந்தண்டு நீண்டதும் என் கண்ணை மட்டுமே உறுத்தின. மண்புழு உரம் போட்டுப் பார்த்தேன். கொடி நீண்டதே தவிர இலை பெருக்கவில்லை.

காரணம் ஏற்காட்டில்தான் புரிந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து உறவினரின் காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள், கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பட்டையைக் கவ்வியபடி ஏறியிருந்தன. பிடி கிடைக்காத சில கிளைகள் மெலிந்து, இலை சிறுத்துத் தொங்கின. "தொங்குற கொடி காய்க்காதுங்க, அறுத்து விட்டுருவோம்" என்றார் அங்கே வேலை செய்த அம்மா.

மிளகு வேறு குடும்பம், மணி பிளாண்ட் வேறு குடும்பம். ஆனால் இரண்டும் மரமேறும் கொடிகள். பிரெஞ்சு பாலினேசியாவின் மூரேயா தீவைத் தாயகமாகக் கொண்ட மணி பிளாண்ட், மரத்தைப் பற்றி ஏறினால் முறம்போன்ற இலைகளை விரிக்கும். நம் ஊர்த் தோட்டங்களில் தென்னையில் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சேனை, சேப்பங்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் இதன் இலையிலும் அதே நமைச்சல் தரும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் உண்டு. தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் கொடியைத் துண்டுகளாக்கினேன். துண்டுக்கு ஒரு கணுவாவது இருக்க வேண்டும். வேர் அங்கிருந்துதான் வரும். தண்ணீரில் வைத்து வேர்விட்டவற்றை அதே தொட்டியில் நெருக்கமாக நட்டேன். (திருடி வைத்த மணி பிளாண்ட்தான் செல்வம் சேர்க்கும் என்பார்கள், வாசல் திண்ணையில் வைத்த 3 துண்டுகள் காணாமற்போனதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.) நடுவில் 3 அடி பிவிசி குழாயை ஊன்றி, தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, கணுக்கள் நாரில் படும்படி பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாகக் கட்டினேன்.

நார் ஈரமாக இருந்தால்தான் வேர் அதைப் பற்றும். சேலத்துச் சித்திரை வெயிலில், மின்விசிறியும் ஓடும்போது, காலையில் நனைத்த நார் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. ஆகவே இருவேளை தெளிக்கிறேன். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் நாரின்மேல் வெள்ளை பூத்ததால், இப்போது மேட்டூர்த் தண்ணீர்தான். தொட்டி மண்ணுக்கோ, விரல் இரண்டு கணு இறங்கும் ஆழம்வரை காய்ந்த பிறகே தண்ணீர். இந்த விதி என் தாயாருக்குப் பிடிக்கவில்லை. நாள்தோறும் அவர் ஊற்றிய ஒரு தம்ளர் தண்ணீரில் அடியிலைகள் மஞ்சளாகி, வேர் அழுகத் தொடங்கி, மண்ணையே மாற்ற வேண்டியதாயிற்று. தொட்டியும் கிழக்கு ஜன்னலோரத்துக்கு இடம் மாறியது.

ஐந்தாம் மாதம் விரிந்த இலையைப் பழைய இலைமேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம் கூடியிருந்தது. குழாயின் உச்சிக்கு இன்னும் ஓரடிதான் பாக்கி. மேலே பொருத்த இன்னொரு துண்டுக் குழாய் வாங்கி வைத்திருக்கிறேன்.