எந்த உலோகம், யாரிடம் இருந்தது? இடிடிஏ பாடத்தை நான் படித்த விதம்

ஊட்டியில் பி.எஸ்சி. வேதியியல் படித்தபோது, ஒரு ஜனவரி மாதக் காலையில் மாதிரிச் செய்முறைத் தேர்வு நடந்தது. மைதானத்துப் புல்லில் உறைபனி இன்னும் கரையவில்லை. எனக்கு வந்தது மக்னீசியம் அளவறிதல்: பியூரெட்டில் இடிடிஏ (உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் வேதிப்பொருள்), கூம்புக் குடுவையில் மக்னீசியம் கரைசல், பிஎச்சை 10-இல் நிலையாக வைத்திருக்கும் அம்மோனியா தாங்கல் கரைசல், நிறங்காட்டியாக எரியோகுரோம் பிளாக் டி என்ற சாயம். ஒயின் சிவப்பு தெளிந்த நீலமாக மாற வேண்டும். மாறவில்லை, ஊதாவிலேயே நின்றது. ஒரு சொட்டு விட்டேன், இன்னொரு சொட்டு விட்டேன். திடீரென்று எல்லாம் நீலமானது. அடுத்தடுத்த அளவீடுகள் அரை மில்லிக்கு மேல் முன்பின்னாக வந்தன.

ஆய்வக உதவியாளர் அண்ணன் அருகில் வந்து, "குளிரில் இது மெதுவாகத்தான் மாறும், கண்ணு. கரைசலை வெதுவெதுப்பாக்கிக்கொள். கடைசிச் சொட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடு" என்றார். சுமார் 40 டிகிரிக்குச் சூடாக்கியதும் மூன்று அளவீடுகளும் ஒத்து வந்தன. மலையில் படிக்கும் மாணவர்கள் இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் கொதிக்கவிடக் கூடாது. அம்மோனியா பறந்து பிஎச் இறங்கிவிடும்.

ஏன் மெதுவாக மாறுகிறது என்று அன்று இரவு யோசித்ததில்தான் பாடம் எனக்குத் திறந்தது. நிறம் மாற வேண்டிய முடிவுநிலையில் மக்னீசியம் தனியாக மிதப்பதில்லை, சாயத்தின் பிடியில் இருக்கிறது. இடிடிஏ அதைச் சாயத்திடமிருந்து பிடுங்க வேண்டும். அந்தப் பிடுங்கலுக்குக் குளிரில் நேரமாகிறது. அன்றிலிருந்து இடிடிஏ என்ற பெயர் எங்கே வந்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: எந்த உலோகம் பிடிபடுகிறது, அதற்கு முன் அது யாருக்குத் தேவையாக இருந்தது?

இந்தக் கேள்வி இல்லாமல் படித்தால் என்ன ஆகும் என்பதையும் அனுபவித்திருக்கிறேன். எம்.எஸ்சி. சேர்க்கை நேர்காணலுக்கு இடிடிஏயின் பயன்களைப் பன்னிரண்டு வரிகளாக மனப்பாடம் செய்து போனேன். ரத்தம் உறையாமல் காக்கும் என்றேன். "அப்படியானால் உறைதல் நேரப் பரிசோதனைக்கு ஏன் சிட்ரேட் குழாயை எடுக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். வாயடைத்து நின்றேன். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். இரண்டுமே அதைத்தான் பிடிக்கின்றன. சிட்ரேட்டின் பிடி தளர்வானது. சோதனையின்போது கால்சியம் சேர்த்தால் உறைதல் மீண்டும் தொடங்கிவிடும். இடிடிஏயின் பிடி இறுக்கமானது. அதில் உறைதல் காரணிகள் 5-ம் 8-ம் வேகமாகக் கெடுகின்றன. அதனால்தான் இடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாய் ரத்த அணுக்களை எண்ணுவதற்கு, சிட்ரேட் உள்ள வெளிர்நீல மூடிக் குழாய் உறைதல் சோதனைக்கு.

பிடியின் இறுக்கத்தை எண்ணால் அறிய நிலைப்பு மாறிலியைப் பாருங்கள். அதன் மடக்கை மதிப்பு மக்னீசியத்துக்கு ஏறத்தாழ 8.7, கால்சியத்துக்கு 10.7, ஈயத்துக்கு 18, ஃபெரிக் அயனிக்கு 25. இந்த நான்கு எண்கள் போதும். ஈய நச்சுக்கு ஏன் கால்சியம் டைசோடியம் இடிடிஏ கொடுக்கிறார்கள் என்பது இவற்றிலிருந்தே விளங்கும். மருந்து ஏற்கெனவே கால்சியத்தைப் பிடித்தபடி உடலுக்குள் போகிறது. ஈயத்தைக் கண்டதும் கால்சியத்தை விட்டு ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேறுகிறது. கால்சியம் இல்லாத வெறும் டைசோடியம் இடிடிஏ போனால் ரத்தத்தில் உள்ள கால்சியத்தையே பிடித்துவிடும். அமெரிக்காவில் 2003-க்கும் 2005-க்கும் இடையில் கொடுக்கிணைப்புச் சிகிச்சைக்கு (உடலில் உள்ள உலோகத்தை இப்படிப் பிடித்து வெளியேற்றும் சிகிச்சை) பின் கால்சியம் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள், இருவர் குழந்தைகள். பெயரில் ஒரு சொல் விடுபட்டால் உயிர் போகும். தேர்வுத் தாளிலும் அந்தச் சொல்லை விடாதீர்கள்.

உயிர்வேதியியல் முடித்து, நீலகிரியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் பயிற்சி பெற்றபோது வந்த மாதிரி ஒன்று இன்றும் நினைவில் இருக்கிறது. பொட்டாசியம் உயிருக்கு ஆபத்தான உயரத்தில், கால்சியம் அடிமட்டத்தில், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் மிகக் குறைவு. நோயாளியோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஊதா மூடிக் குழாயின் ரத்தத்தில் கொஞ்சத்தைச் சீரம் குழாய்க்கு (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீரைச் சோதிக்கும் குழாய்) மாற்றி ஊற்றியிருக்கிறார்கள். ஊதா மூடிக் குழாயில் இருந்தது இடிடிஏயின் பொட்டாசியம் உப்பு, அதனால் அந்த எண் ஏறியது. கால்சியம் பிடிபட்டது. நொதிக்குத் தேவையான துத்தநாகமும் மக்னீசியமும் பிடிபட்டன. மூன்று முடிவுகளுக்கும் ஒரே காரணம்தான். புதிதாக ரத்தம் எடுத்தோம். எல்லாம் இயல்பாக இருந்தது. ரத்தம் எடுக்கும் வரிசையில் சீரம் குழாய்க்குப் பிறகே ஊதா மூடி வரவேண்டும் என்ற விதியை அதற்குப் பிறகு நான் மறந்ததில்லை.

எங்கள் மலையில் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய் காணப்படுவதால், அந்தப் பரிசோதனைக்கான ரத்தமும் ஊதா மூடிக் குழாய்களில் நிறைய வரும். குறித்த கோடு வரை நிரப்பாவிட்டால் இடிடிஏ மிகுந்து சிவப்பணுக்கள் சுருங்கும். கூடலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவரை அரைக் குழாய் ரத்தத்துக்காக மறுபடி வரச்சொல்வது எனக்குப் பெரும் வருத்தமாக இருக்கும்.

மூலக்கூறு உயிரியல் கேள்விகளுக்கும் அதே சாவிதான். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதிக்கு மக்னீசியம் வேண்டும்; ஆகவே சேமிப்புக் கரைசலில் இடிடிஏ சேர்க்கிறோம். டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதிக்கும் மக்னீசியம் வேண்டும். ஆகவே அதே இடிடிஏ மிகுந்தால் பிசிஆர் என்ற அந்த நகலெடுப்பு நின்றுவிடும். வளர்ப்புச் செல்கள் கால்சியத்தைக் கொண்டு ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியோடு இடிடிஏ சேர்த்தால் பிரிகின்றன.

நெட் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒரு முறையாவது 0.5 மோலார் இடிடிஏ கரைசலைத் தங்கள் கையால் தயாரியுங்கள். டைசோடியம் டைஹைட்ரேட் உப்பு லிட்டருக்கு 186.1 கிராம். எவ்வளவு கலக்கினாலும் பால்போல நிற்கும். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பிஎச் 8-ஐ நெருங்கும்போது அந்த வெண்மை கரைந்து, பீக்கரின் அடியில் காந்தக் குச்சி சுழல்வது தெரியும்.