போர்ட் லூயிஸ் முதல் டர்பன் வரை: பாய்மரக் கப்பலின் அடுக்களை

மொரிசியஸின் போர்ட் லூயிஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஏறத்தாழ 1,600 கடல் மைல். பாய்மரத்தில் போனால் 10 முதல் 15 நாள் பிடிக்கும். பாதி வழிவரை தென்கிழக்குக் காற்று இடப்பக்கத்திலிருந்து வீச, கப்பல் வலப்பக்கம் சாய்ந்தபடியே ஓடும். மடகாஸ்கரின் தென்முனையைக் கடந்ததும் கடலின் குணம் மாறிவிடும். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டித் தெற்கே பாயும் அகுல்யாஸ் நீரோட்டத்தைத் தென்மேற்குக் காற்று எதிர்த்தடித்தால் அலை சுவர்போல் எழும்பும். அந்த நேரத்தில் அடுப்பைத் தொடவே முடியாது. சந்தையில் பை நிரப்பும்போதே சமையல்காரர் அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

போர்ட் லூயிஸ் சந்தையில் குளிர்பெட்டிக்குள் போகாத காய்களையே தேடி எடுக்கிறோம். வெட்டாத பூசணி, சூசூ (சௌசௌ), முட்டைக்கோஸ், எலுமிச்சை எல்லாம் பயணம் முடியும்வரை தாங்கும். கோஸைக் கத்தியால் பிளந்தால் வெட்டுவாய் அழுகும். வெளி இலையிலிருந்து ஒவ்வொன்றாக உரித்து எடுக்க வேண்டும். வெங்காயத்துக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு இருந்தால் சீக்கிரம் முளைவிடும், இரண்டையும் தனித்தனி வலைப்பையில் தொங்கவிடுங்கள். முட்டை கழுவாததாக இருக்க வேண்டும். கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்விடும். அட்டைப்பெட்டி எதுவும் கப்பலேறக் கூடாது, அதன் மடிப்புகளில்தான் கரப்பான் முட்டை வரும்.

அடுப்பு கப்பலோடு சாயாமல் நிமிர்ந்து நிற்கும்படி இரு முனையிலும் அச்சில் தொங்கும். ஆனால் கனமான பாத்திரத்தை ஓரத்துப் பர்னரில் வைத்தாலோ, ஓவன் கதவைத் திறந்தாலோ எடை ஒருபக்கமாகி அடுப்பே கவிழப்பார்க்கும். அடுப்பு வலப்பக்கம் இருக்கும் கப்பலில், இந்தக் காற்றில் சமைப்பவர் அதன் மேலேயே சரிவார். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு இல்லாவிட்டால் அங்கே நிற்கக்கூடாது. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். தேநீரைக் கையில் பிடித்த குவளையில் ஊற்றாமல், குவளையைத் தொட்டிக்குள் வைத்து ஊற்றுங்கள். வெயில் கொளுத்தினாலும் மழைக்கால்சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு சமைப்பதே நல்லது. கடலில் வெந்நீர்ப் புண்ணுக்கு ஆஸ்பத்திரி ஒரு வாரத் தொலைவில் இருக்கிறது.

பிரஷர் குக்கர் இல்லாமல் நாங்கள் புறப்படுவதில்லை. உருண்டாலும் கொட்டாது, எரிவாயுவும் தண்ணீரும் மிச்சம். பருப்பு பொங்கி ஆவித் துளையை அடைக்கும் என்பதால் பாதிக்குக் கீழேயே நிரப்பி, ஒரு கரண்டி எண்ணெய் விடுவோம். கரையை விட்டு நன்றாக விலகியபின் சோற்றுக்குக் கடல்நீரும் சேர்க்கலாம். ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால், கஞ்சி வடிக்கும் சோற்றுக்கு உலைநீரில் மூன்றில் ஒரு பங்கு போதும். வடிக்காத சோறென்றால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள், வாயில் வைக்க முடியாது.

மொரிசியஸ் வீடுகளின் விந்தாய் கடலுக்கென்றே பிறந்த பண்டம் என்பேன். ஒரு கிலோ மீனை விரல் கனத்தில் வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவி நடுப்பகுதிவரை வேகப் பொரிக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி கடுகைக் கரகரப்பாக அரைத்து, உரித்த சின்ன வெங்காயம் 20, பூண்டு 8 பல், கீறிய பச்சைமிளகாயோடு எண்ணெயில் வதக்கி, மஞ்சள் தூவி, 100 மில்லி வினிகர் விட்டுக் கொதித்ததும் மீனைப் புரட்டுங்கள். சொட்டுத் தண்ணீர் சேரக் கூடாது. எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று நாள் குளிர்பெட்டியில்லாமலே நிற்கும். அலுமினியத்தை வினிகர் அரிக்கும். சூரை பிடித்தால் உடனே குடல் நீக்கிப் பொரித்துவிடுங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் ஊறும், எவ்வளவு பொரித்தாலும் அது போகாது, தின்றவர்கள் தலைவலியும் தடிப்புமாகப் படுத்துவிட, காவலுக்கு ஆளில்லாமல் போகும்.

புயல் நெருங்குவதைக் காட்டிக் காற்றழுத்தமானி (பாரோமீட்டர்) இறங்கத் தொடங்கியதும் முதல் வேலை சமையல்காரருக்குத்தான். குக்கரில் பருப்பும் பூசணியும் வேகவைத்து, மூடி திறக்காமலே கட்டிவைக்கிறோம். பிளாஸ்கில் வெந்நீர், கை எட்டும் இடத்தில் அவல், வெல்லம், பொட்டுக்கடலை. 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த கப்பல்களிலும் அடுப்பு மூட்ட முடியாத நாளுக்கென அவலும் பிஸ்கட்டும் தனியே ஏற்றினார்கள். கூலிகள் வந்திறங்கிய போர்ட் லூயிஸ் படித்துறையான ஆப்ரவாசி காட்டின் படிகளில் ஏறியவர்களில் பலர் வழியில் அதைத் தின்று பசியாறியிருப்பார்கள். வெறும் வயிற்றோடு இரவுக் காவலுக்குப் போகிறவருக்குக் குமட்டல் முந்திக்கொள்ளும், குளிரும் அதிகமாக உறைக்கும். இரண்டு பிடி அவலாவது உள்ளே போயாக வேண்டும்.

காற்று தணிந்தாலும் நேரே தீக்குச்சி உரசாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, குழாய் எங்காவது கசிந்திருந்தால் கப்பலின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். தரைப்பலகையைத் திறந்து முகர்ந்து பாருங்கள், காற்றோட்டம் விடுங்கள், பிறகு அடுப்பை மூடியபடியே சிலிண்டரைத் திறந்து, குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். குமிழி இல்லையென்றால் உலை வைக்கலாம்.