அறுபதில் மட்டும் நடுங்கிய வண்டி

அப்பாவுக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினோம். எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு நடுக்கம் ஆரம்பித்தது. வேகத்தடைக்கு முன்னால் வெள்ளைக் கோடுகளை வரிசையாகப் போட்டிருப்பார்களே, அதன் மேல் ஏறினால் வருகிற தடதடப்பு அப்படியே சீட்டுக்கு அடியில் வரும். இரண்டு மூன்று வினாடிதான், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி ஓடும்.

முதலில் காட்டிய இடத்தில் வீல் பேலன்சிங் செய்தார்கள், முன்பக்க டயர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். நடுக்கம் போகவில்லை. அடுத்ததாக கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது காசுக்காக மட்டுமில்லை. அதுவரை ஒருவர்கூட என்னோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்க்கவில்லை.

அப்புறம் புதூரில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. "எத்தனையில நடுங்குது தம்பி, கால வச்சிருக்கும்போதா எடுக்கும்போதா, ஸ்டியரிங்லயா சீட்லயா, பிரேக் போட்டா வருதா?" என்று வரிசையாகக் கேட்டார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சரி வாங்க என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். நத்தம் மேம்பாலத்துக்குப் போனோம். ஏழு கிலோமீட்டருக்கு மேல் சிக்னல் இல்லாமல் போகும் பாலம், ஒரே வேகத்தில் பிடித்துப் பார்க்க மதுரையில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பாதி தண்ணீர் இருந்த பாட்டிலை நடுவில் வைக்கச் சொன்னார். அறுபதில் ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்ததும் தண்ணீரில் பொடிப்பொடியாக அலை எழுந்தது. கொஞ்சம் அழுத்தினேன், நின்றது. காலை முழுதாக எடுத்தேன், அப்போதும் இல்லை. சக்கரக் கோளாறு என்றால் பெரும்பாலும் கால் இருந்தாலும் எடுத்தாலும் அந்த வேகத்தில் அது வந்துகொண்டே இருக்கும். நம் கார் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகும், அறுபதில் வினாடிக்கு எட்டு ஒன்பது சுற்று, அந்தக் கணக்கில்தான் ஆட்டம் இருக்கும். இது அதைவிடப் பொடி நடுக்கம்.

அடுத்து, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, ஆக்சிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் பெடலைத் தொடச் சொன்னார். பிரேக் பிடிக்கக் கூடாது, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிற அளவுக்குத் தொட்டால் போதும். ஆர்பிஎம் முள் கொஞ்சம் மேலே ஏறியது, பாட்டிலில் தண்ணீர் அடங்கிவிட்டது.

"லாக்கப்" என்றார். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயில்தான் இணைக்கிறது. ஆயில் வழியாகப் போவதால் கொஞ்சம் வழுக்கல் இருக்கும். வண்டி சீராக ஓடும்போது அந்த வழுக்கலில் எரிபொருள் வீணாகாமல் இருக்க, உள்ளே ஒரு கிளட்ச் இரண்டையும் நேராகப் பிடித்துக்கொள்ளும், அதுதான் லாக்கப். ஆயில் கெட்டுப்போனால் அது ஒழுங்காகப் பிடிக்காமல் பிடித்துப் பிடித்து விடும், அதுதான் தடதடப்பு. பிரேக்கைத் தொட்டதும் கிளட்ச் விலகிவிடுகிறது. இதே மாதிரி நடுக்கம் ஸ்பார்க் பிளக்கோ காயிலோ போய் எஞ்சின் மிஸ் அடித்தாலும் வரும், அதனால் ஸ்கேனர் போட்டு அதையும் பார்த்தார். மிஸ் இல்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு சொட்டு வெள்ளைத் தாளில் விட்டுக் காட்டினார். புது ஆயில் பக்கத்தில் சிவப்பாக இருந்தது. எங்கள் ஆயில் டிக்காஷன் நிறம், மூக்கருகில் கொண்டுபோனால் தீய்ந்த வாசனை. ஆயுளுக்கும் மாற்றவே வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்களே, அதை நான் இனிமேல் நம்பமாட்டேன். சிம்மக்கல், கோரிப்பாளையம் நெரிசலில் தினமும் ஊர்ந்து சூடேறுகிற ஆயில் எத்தனை நாள் தாங்கும்?

போல்ட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலும் இறங்காது, பெரும்பகுதி கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் இடையிடையே ஓட்டி மூன்று தடவை மாற்றினோம். புத்தகத்தில் போட்டிருக்கும் ரக ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும், இதில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு நடுக்கம் குறைந்தது, மூன்றாவதில் நின்றே போனது. கிளட்ச்சே தேய்ந்திருந்தால் ஆயில் மட்டும் காப்பாற்றாது என்பதையும் அண்ணன் முன்னாடியே சொல்லித்தான் செய்தார்.

ஒன்று சொல்ல வேண்டும், ஏஎம்டி வண்டியில், அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்ற வைத்த வண்டியில், இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். அதில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது, சாதாரண கிளட்ச்சை மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவுதான். அது நகரத் தொடங்கும்போது நடுங்கினால் முதலில் கிளட்ச்சைப் பாருங்கள்.

எங்கள் வண்டியில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. சிக்னலில் கியர் டி-யில் (டிரைவ்) நிற்கும்போது டேஷ்போர்டு லேசாக அதிர்கிறது, என்-க்கு (நியூட்ரல்) மாற்றினால் அடங்குகிறது. எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சின் மவுண்டாக இருக்கும் என்றார் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் புதூருக்குப் போகிறோம்.